செயலாளர் ஆண்டறிக்கை: பழனி மலை வீணைப் பட்டறைகளில் இந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பட்டறையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் இரங்கல். பண்ணைக்காட்டில் இருந்து தவறாமல் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நம் மூத்த உறுப்பினர் ஐப்பசி அடைமழையில் காலமானார். தகப்பனாரிடம் உளி பிடிக்கக் கற்றவர். கண் மங்கிய பிறகும் மேளம் கட்டுவதை, அதாவது வீணையில் விரல் வைக்கும் உலோக மெட்டுகளைச் சுருதி பார்த்து மெழுகில் பதிப்பதை, விடாதவர். அவருடைய வாச்சி, உளிகள், கொட்டாப்புளி எல்லாவற்றையும் குடும்பத்தார் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள், செயற்குழு ஒப்பவில்லை. இப்போது அவை பயிற்சி வகுப்பில் பிள்ளைகள் கையில் இருக்கின்றன. அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

இனி மரம். 2018 நவம்பரில் கஜா புயல் நம் மலையைப் புரட்டிப் போட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நின்ற பலா மரங்கள் சாய்ந்து, விறகு விலைக்குப் போகத் தயாராகக் கிடந்தன. அவற்றில் சில அடிமரங்களை நம் உறுப்பினர்கள் கடன் வாங்கியாவது வாங்கினார்கள். அறுத்து, வெடிப்பு விடாமல் இருக்க முனைகளில் மெழுகு பூசி, காற்றுப் புக இடைவெளி விட்டு நிழலில் அடுக்கினார்கள். அந்தக் கட்டைகள்தாம் இந்த ஆண்டு வீணையின் உருண்டைக் குடமாகவும் நீண்ட தண்டியாகவும் ஆகியிருக்கின்றன. மஞ்சளாக அறுபட்ட மரம் இப்போது தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது. விரலால் தட்டினால் மந்தமாக இல்லாமல் கணீரென்று கேட்கிறது.

மூடுபனி இறங்கும் ஊரில் மரம் லேசில் காயாது. மாதாமாதம் எடை போட்டுப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகுதான் உளி வைக்க வேண்டும் என்பதை இந்த ஆண்டு எல்லாப் பட்டறைகளும் ஏற்றுக்கொண்டன. அவசரப்பட்டுச் செய்த வீணை சித்திரை வெயிலில் மதுரைக்குப் போனால் ஒட்டு விட்டுப்போகும், குடம் வெடிக்கும். கெட்ட பெயர் ஒரு பட்டறைக்கு மட்டும் வராது. குடம், தண்டி, முனையில் வரும் யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் குடையும் ஏகாண்ட வீணைக்கு ஏற்ற பருமனான கட்டை நம்மிடம் அரிதாகவே இருக்கிறது. அதைத் துண்டு போடாமல் காப்பாற்றி வையுங்கள்.

மரம் வெட்டுவது பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். நம்முடையது மலைப்பகுதி. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தத் தோட்டத்து மரமானாலும் வெட்ட மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். இந்தச் சட்டம் இல்லாவிட்டால் நமக்கு மலையே மிஞ்சியிருக்காது என்பது என் கருத்து. ஆகவே அனுமதித் தாள் இல்லாத மரத்தை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், எந்த உறுப்பினரும் வாங்க வேண்டாம்.

பயிற்சி வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆண்டு நாம் செய்ததில் பெரிய வேலை அதுதான். குடம் குடைய, யாளி முகம் செதுக்க நம் வீடுகளில் ஆள் இருக்கிறது. மேளம் கட்டத்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. பையன்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வீணை முடிந்து கைக்குப் பணம் வருவதற்குள் வீட்டுக்கடன் தவணை வந்துவிடுகிறது. அதனால், மேளம் பெரியவர்களோடு நின்றுபோகக் கூடாது என்று, வேறு குடும்பத்துப் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் இந்த ஆண்டு சேர்த்துக்கொண்டோம். முன்பு வீட்டுக்கு வெளியே சொல்லாத வேலை இது. சொல்லித்தர ஒப்புக்கொண்ட பெரியவர்களுக்கு சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

தண்டியின் இரு பக்கமும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்து வரம்பு கட்டி, அதில் 24 மெட்டுகளைப் பதிக்க வேண்டும். வாசிக்கும் முதல் தந்தியான சாரணியைச் சுருதியில் நிறுத்தி, முதலில் 12ஆம் மெட்டில் மேல் ஷட்ஜம், பிறகு 7இல் பஞ்சமம், 5இல் மத்தியமம் என்று ஒவ்வொன்றாக இடம் பிடிப்பார்கள். நம் குளிரில் மெழுகு சட்டென்று இறுகிவிடும். காது முடிவு செய்வதற்குள் மெட்டு அசையாமல் நின்றுவிடும். அதனால் வகுப்பில் கரி அடுப்பு அணைவதே இல்லை. மெழுகு நம் பளியர் மக்கள் மலைத்தேன் எடுக்கும்போது கிடைப்பது. அவர்கள் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்திருக்கிறோம். சமவெளிக்குப் போகும் வீணைக்கு, வெயிலில் இளகாமல் இருக்கக் கரித்தூளைச் சற்றுக் கூடுதலாகச் சேர்க்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாண்டிக்குடித் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு பெண் அந்தர காந்தாரம் என்ற சுரத்துக்கு மெட்டு வைத்தாள். மீட்டினாள், தம்புராவோடு சுத்தமாகச் சேர்ந்தது. அவள் நிமிர்ந்து பார்த்ததும் தாத்தா, “சரி, இப்ப இழுத்துப் பாரு கண்ணு” என்றார். மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்ததும் தந்தி ‘கர்ர்’ என்று இரைந்தது. அடுத்த மெட்டு ஒரு மயிரிழை உயர்ந்து நின்றது. பழுக்கக் காய்ச்சிய கம்பியை மெழுகின் ஓரத்தில் காட்டி, இளகியதும் கட்டை விரலால் அழுத்தி, மறுபடி இழுத்தாள். இரைச்சல் போயிற்று. சுரத்தை அசைத்துக் கமகம் வாசிக்கிறவர் தந்தியை இழுக்காமல் வாசிக்கப் போவதில்லை. இடம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, உயரமும் சரியாக இருக்க வேண்டும். இதை அளவுகோல் சொல்லித்தராது.

பெயர் விஷயத்தில் ஒரு தீர்மானம். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்மில் பலருடைய முன்னோர்கள் அங்கிருந்து வந்தவர்கள்தாம்; வேலைப்பாடும் அதே முறைதான். ஆனாலும் இங்கே செய்வதை அந்தப் பெயரில் விற்பது நியாயமில்லை. குடத்துக்குள் ஒட்டும் சீட்டில் ‘பழனி மலையில் செய்தது’ என்பதையும், செய்தவர், மேளம் கட்டியவர் இருவர் பெயரையும் எழுதுவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பயிற்சிப் பிள்ளை கட்டியிருந்தால் அவர் பெயரும் இருக்க வேண்டும்.

பழுது பார்க்கும் வேலை வழக்கம்போல் நடந்தது. பழைய வீணைகளில் தந்தமோ மான் கொம்போ பதித்திருந்தால் அதைப் பெயர்த்து விற்கவோ மாற்றிப் பொருத்தவோ வேண்டாம். அது வனவிலங்குச் சட்டத்துக்கு உட்பட்ட பொருள். புது வேலைக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் போதும். தண்டியின் கீழே பொருத்தும் சுரைக்காய்க்குப் பதிலாக ஃபைபர் வைப்பது பற்றிய விவாதம் முடியவில்லை, அடுத்த கூட்டத்தில் தொடரும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேண்டுகோள். தோட்டத்தில் பலா சாய்ந்தால் மர வியாபாரிக்குச் சொல்வதற்கு முன் சங்கத்துக்குச் சொல்லுங்கள். நியாயமான விலை தர ஏற்பாடு செய்கிறோம். அப்புறம், வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் சங்கமே ஏற்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். இதற்காகச் சந்தாவை உயர்த்த வேண்டியிருக்கும். இன்றே பேசி முடிவெடுப்போம்.

இடம் கொடுத்த பள்ளிக்கும், கரி அடுப்பைக் கவனித்துக்கொண்ட வீட்டுப் பெண்களுக்கும், ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

வணக்கத்துடன்,
செயலாளர்