பழைய டிரில் மெஷினே ஸ்டார்ட்டர்

ஆசிரியருக்கு வணக்கம்ங்க. காரைக்குடி பக்கம் கண்மாய்ப் பொட்டல்ல மாடல் ஏரோபிளேன் விடுற ஆளு நான், பெட்ரோல் இன்ஜினை விரலால சுத்தி ஸ்டார்ட் பண்ணப் போயி ஆள்காட்டி விரல்ல நாலு தையல், ஆச்சி இன்னும் திட்டுறாங்க.

ஸ்டார்ட்டர் வாங்க காசு ஏது, அதனால வளவுல கிடந்த பேட்டரி டிரில்லை எடுத்து ஒரு பிவிசி ரெடியூசர்ல (பெரிய குழாயையும் சின்னக் குழாயையும் இணைக்கிற துண்டு) போல்ட் மாட்டி டிரில் வாய்ல பிடிக்க வச்சு, உள்ள சைக்கிள் டியூபை ரெண்டு சுத்து ஒட்டுனேன், புரொப்பெல்லர் நடுவுல இருக்குற கூம்பு மூடி, அதான் ஸ்பின்னர், அதோட மூக்குல கச்சிதமா கவ்வுது. டிரில்லை ரிவர்ஸ்ல போடணும், இன்ஜினுக்கு எதிர நின்னு பார்த்தா புரொப்பெல்லர் இடப்பக்கமாத்தான், கடிகார முள்ளுக்கு எதிராத்தான் சுத்தும், அது தெரியாம முதல் நாள் முழுக்க முழிச்சேன்!

முக்கியமா, முதல்ல இக்னிஷனை ஆஃப் பண்ணிட்டு கையுறை போட்டு மெதுவா ஒரு சுத்து சுத்திப் பாருங்க, சிலிண்டர்ல பெட்ரோல் தேங்கி இறுக்கிக்கிட்டா டிரில் போட்ட வேகத்துல பிஸ்டனை இன்ஜின் தண்டோட இணைக்கிற கனெக்டிங் ராடே வளைஞ்சிரும். பிளேனை ஒருத்தர் பின்னாடி பிடிச்சுக்கணும், வேட்டி நுனியை மடிச்சுக் கட்டிக்கங்க.

காரைக்குடி வாசகர்