பிணத்திடம் கேட்க ஐந்து கேள்விகள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் குறுநாவலின் முதல் இரண்டு அத்தியாயங்களை நேற்று ராத்திரி ஒரே மூச்சில் படித்தேன். மைல் உயரக் கோபுரங்களாய் அடுக்கடுக்காக எழும்பிய ஷார்ன் நகரத்தின் அடித்தட்டில் நின்றுகொண்டு, தலையில் சொட்டுவது மழையா மேல்வீட்டுச் சாக்கடையா என்று உன் துப்பறிபவள் முகர்ந்து பார்க்கிறாளே, அங்கே சிரித்துவிட்டேன். ஆனால் அடுத்த பக்கத்தில் கோபுரத்திலிருந்து விழுந்த வியாபாரியின் பிணம் வருகிறது. அங்கே மாட்டிக்கொண்டாய்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிற எவனும் உடனே கேட்பான்: "பிணத்தையே கேட்டால் போச்சு, இதற்கு எதற்கு நாவல்?" போன வருஷம் நான் இரண்டு வாரம் உட்கார்ந்து பின்னிய கொலை மர்மத்தை நம் மேசையில் பூசாரி பாத்திரம் ஒரே மந்திரத்தில் முடித்துவைத்தது மறந்துபோச்சா? கடுப்பில் நான் அன்று டீகூடக் குடிக்கவில்லை.

நீ என்ன செய்திருக்கிறாய்? "ஏதோ தீய சக்தி மந்திரத்தைத் தடுத்தது" என்று ஒரு வரி போட்டுத் தாண்டிவிட்டாய். அது போங்காட்டம். அந்த விளையாட்டுக்குப் புதுக் கற்பனை உலகம் தேடி 2002இல் நடந்த போட்டிக்கு வந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட உலகங்களில் கீத் பேக்கரின் எபரான்தான் ஜெயித்தது. உன் ஷார்ன் இருப்பதும் அந்த உலகத்தில்தான். மந்திரம் அங்கே தெருவிளக்கு மாதிரி. அதை அணைத்துவிட்டு இருட்டில் மர்மம் காட்டுவதென்றால் எபரான் எதற்கு?

விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதியை எடுத்து இன்னொரு தரம் படி. பிணத்தைப் பேசவைக்கும் ஸ்பீக் வித் டெட் மந்திரம் வேலை செய்ய பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும். ஐந்து கேள்விதான். உயிரோடு இருந்தபோது தெரிந்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். கேட்பவனை எதிரி என்று அடையாளம் கண்டால் உண்மை சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. கடைசியாக ஒன்று: ஒருமுறை கேட்ட பிணத்தைப் பத்து நாளுக்கு மறுபடி கேட்க முடியாது.

அந்தப் பத்து நாளில்தான் உன் கதை இருக்கிறது. துப்பறிபவள் பூசாரியைக் கூட்டி வருகிறாள், மந்திரம் பலிக்கவில்லை. நமக்கு முன்னால் யாரோ கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யார்? அந்த ஐந்து கேள்விகள் என்ன? கொலைகாரனுக்கே செத்தவனிடமிருந்து ஒரு விஷயம் தேவைப்பட்டிருக்கிறது என்று வை. அவன் நேரில் போனால் பிணம் பொய் சொல்லலாம். அதனால் ஒன்றும் அறியாத ஒரு சின்னப் பூசாரிக்குக் காசு கொடுத்துக் கேட்கவைக்கிறான். உன் மூன்றாம் அத்தியாயத்துக்கு அந்தப் பூசாரிப் பையன் கிடைத்துவிட்டான்.

இன்னொன்று. உன் பிணம் சிதறிக் கிடக்கிறது. சிதற வேண்டாம். ஷார்னில் வசதியானவன் சட்டைப்பையில் இறகு பொறித்த சின்ன உலோகச் சில்லு இருக்கும். விழுந்தால் ஆளை மெதுவாக இறக்கிவிட்டு, அதோடு சக்தி தீர்ந்துபோகும். அவன் உயிரோடு இருக்கிறானா என்றெல்லாம் சில்லு பார்க்காது என்று உன் கதையில் வைத்துக்கொள். ஆறு விநாடிக்கு அறுபது அடி, அதாவது விநாடிக்குப் பத்தடி. ஒரு மைல் உயரத்திலிருந்து என்றால், கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட ஒன்பது நிமிஷம். மேலே குத்திக் கொன்று, பூசாரிப் பையனை வைத்துக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத் தள்ளிவிட்டவன் கீழே கூழாகிப் போயிருக்கும் என்று நினைத்திருப்பான். பிணமோ ஓர் எலும்புகூட முறியாமல், வாய் முழுசாக, சேற்றில் படுக்கவைத்த மாதிரி கிடக்கிறது. பையில் செத்துப்போன சில்லு. அதைத் துப்பறிபவள் விரலால் தடவிப் பார்க்கும் இடத்தை அவசரப்படாமல் எழுது.

விதிகளை வாசகனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடு. விளையாடாதவனும் படிப்பான். பாடம் எடுக்காதே, சந்தையில் இரண்டு பேர் பேரம் பேசுகிற சாக்கில் சில்லு என்ன செய்யும் என்று வந்துவிட்டால் போதும். பத்து நாள் கணக்கைக் கோயில் கட்டணப் பலகையில் எழுதிவைக்கலாம்.

பகடையையும் கதைக்குள் கொண்டுவராதே. நம் மேசையில் இருபது பக்கப் பகடையில் உச்ச எண்ணான இருபது விழுந்தபோது எல்லோரும் குதித்தோம். காகிதத்தில் அது வெறும் அதிர்ஷ்டம். நானும் ஒரு காலத்தில் நம் ஆட்டத்தை அப்படியே நாற்பது பக்கம் எழுதினேன். என் பெண்டாட்டி ஆறாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள்.

உள்ளே நிற்பவரைப் பொய் சொல்லவிடாத ஸோன் ஆஃப் ட்ரூத் மந்திரத்தை வைத்து விசாரிக்கும் காட்சி மட்டும் அருமை. பொய் சொல்ல முடியாது, ஆனால் மழுப்பலாம் என்பதை நன்றாகப் பிடித்திருக்கிறாய். அதில் கை வைக்காதே.

அப்புறம், அந்த ஒன்பது நிமிஷம் என்னை விட மாட்டேன் என்கிறது. எத்தனை ஜன்னல்களைத் தாண்டி இறங்கியிருப்பான்! நடுத்தட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவி, தன் கையெட்டும் தூரத்தில் ஒருவன் கண்ணைத் திறந்தபடி மெதுவாகக் கீழே போவதைப் பார்த்திருப்பாள் இல்லையா? இது செத்தவனுக்கே தெரியாத விஷயம். பிணத்திடம் ஐந்து கேள்வி கேட்டாலும் வராது. அவள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று யோசித்து வை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வரும்போது கேட்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்