மருந்துக்கடைக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 19 வருடமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். டி.பார்ம் படித்துப் பதிவு செய்த மருந்தாளுநர். ஒரு மருந்தை அரசு நிறுத்தினால் அந்தத் தகவல் எங்களைப் போன்ற கடைகளுக்கு நேராக வருவதில்லை என்பதைத்தான் எழுத வந்தேன். 2025 அக்டோபர் முதல் வாரத்தில், குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்து பற்றிய செய்தி வந்தபோது, என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

காலையில் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்து நின்றார். கையில் பாதி தீர்ந்த இருமல் சிரப். "அண்ணே, டிவியில காட்டுறாங்களே, அந்த மருந்து இதுதானா? நேத்து ராத்திரி கூட பிள்ளைக்குக் கொடுத்துட்டேன்" என்றார். குரல் நடுங்கியது. மருந்து வழிந்து லேபிளெல்லாம் பிசுபிசுப்பு. பேட்ச் நம்பரில், அதாவது ஒரே தடவையில் தயாரான மருந்துக்கு இடும் எண்ணில், பாதி அழிந்திருந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேறு மருந்து, வேறு கம்பெனி. ஆனால் அதை அவரிடம் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் ஆனது. காரணம், எந்த மருந்து, எந்த பேட்ச் என்று அந்த நிமிடம் எனக்கே சரியாகத் தெரியாது. முந்தின இரவு அவர் பார்த்த அதே டிவிச் செய்தியைத்தான் நானும் பார்த்திருந்தேன். போனில் தேடி, இரண்டு மூன்று செய்திகளை ஒப்பிட்டு, அப்புறம்தான் "உங்க பாட்டில் அது இல்லம்மா" என்றேன். இருந்தாலும் "பிள்ளை ஒழுங்கா ஒண்ணுக்குப் போகுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பினேன்.

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளைப் பலிகொண்ட கோல்ட்ரிஃப் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. எஸ்ஆர்-13 என்ற பேட்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டுப் பரிசோதனையிலேயே தெரியவந்தது. அக்டோபர் 1 முதல் தமிழ்நாட்டில் விற்பனைக்குத் தடை. அந்த நச்சு சிறுநீரகத்தைத்தான் முக்கியமாகத் தாக்கும். சிறுநீர் குறைந்தாலே குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பேட்ச் எண்ணோடு இந்த ஒரு வரியும் அன்றைக்கு எல்லாக் கடைகளுக்கும் வந்திருந்தால், கவுன்டரில் நிற்கும் ஒவ்வொருவரும் அதைக் கேட்டிருப்பார்கள்.

வந்ததெல்லாம் வாட்ஸ்அப் செய்திகள். ஒரே நாளில் நாலு பட்டியல், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றில் சாதாரண காய்ச்சல் சிரப்பின் பெயர்கூட இருந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு பெரியவர் வந்து, பேரனுக்குக் கொடுக்கும் வலிப்பு மருந்து சிரப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டதாகச் சொன்னார். "எல்லா சிரப்பும் விஷம்னு போட்டிருந்தாங்கப்பா" என்றார். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரலாம். பழைய சீட்டு கையிலேயே இருந்ததால் உடனே ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்து, ஒரு வேளைகூட விடக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன். கேட்க வராமல் வீட்டிலேயே கொட்டிவிட்டு இருந்தவர்கள் எத்தனை பேரோ!

சிரப்போடு இது முடியவில்லை. குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் எச்சரிக்கை வந்தது. 2024 ஆகஸ்டில் 156 கூட்டு மருந்துகளுக்கு, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து சேர்ந்தவற்றுக்கு, தடை. அதில் அசெக்ளோபெனாக் 50 மி.கி.யும் பாராசிட்டமால் 125 மி.கி.யும் சேர்ந்த மாத்திரை உண்டு. அதே இரண்டும் 100 மி.கி., 325 மி.கி. அளவில் சேர்ந்த, நாங்கள் தினமும் விற்கிற மாத்திரை அந்தப் பட்டியலில் கிடையாது. "வலி மாத்திரைக்குத் தடை" என்று தலைப்பை மட்டும் படித்தவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளத்தான் செய்வார். கடைக்காரருக்கும் அதே குழப்பம்தான். தடை ஆணையில் மருந்தின் மூலப்பெயர்தான் இருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக. அலமாரியில் நாங்கள் அடுக்கியிருப்பது பிராண்ட் பெயரில். இரண்டையும் பொருத்திப் பார்க்க ஒரு ராத்திரி போதாது. கடைசியில் ஏஜென்சியிலிருந்து சரக்குப் போட வரும் தம்பி, "இத இனிமே விக்கக் கூடாதாம்ணே" என்று சொல்லித்தான் எங்களில் பலருக்கு விஷயம் தெரிகிறது. ஏன் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

கடலூருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முள்ளோடையிலேயே புதுச்சேரி எல்லை தொடங்கிவிடுகிறது. அங்கே வேறு அரசு, வேறு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. நோயாளிக்கு அந்த எல்லை தெரியாது. காலையில் பஸ் ஏறி ஜிப்மரில் காட்டிவிட்டு, பாதி மருந்தை அங்கேயும் மீதியை இங்கேயும் வாங்குகிறார். ஒரு பக்கம் நிறுத்திய பேட்ச் பற்றி அடுத்த பக்கத்துக் கடைக்கு அன்றே தெரிய வேண்டாமா?

மருந்துத் தடை மட்டுமில்லை, மருத்துவ முகாம் போன்ற சேவைகளைப் பற்றிய தகவலும் எங்களுக்கு வருவதில்லை. ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்தபோது கரன்ட் இல்லை. ஒரு அம்மா இன்சுலின் பாட்டிலைத் தண்ணீர்ச் சொம்புக்குள் வைத்துத் துணி சுற்றி எடுத்து வந்து, "இது கெட்டுப்போச்சா தம்பி?" என்றார். திறந்து பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் சுமார் நாலு வாரம் தாங்கும், திறக்காததைத்தான் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல முடிந்தது. ஆனால் அடுத்து அவர் கேட்டதற்குப் பதில் இல்லை: "முகாம் எங்க போட்டிருக்காங்க? அங்க சுகர் மாத்திரை கொடுப்பாங்களா?" அன்று அதே கேள்வியை இன்னும் பலர் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவர் முதலில் வருவது தெருமுனை மெடிக்கலுக்குத்தான். முகாம் விவரத்தை எங்களுக்கு அனுப்பியிருந்தால் ஒரு அட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டிருப்போம்.

காசநோய் மருந்து விற்கும் கடையும் நோயாளி விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2018 மார்ச்சில் அரசிதழே வந்துவிட்டது. இன்றும் அது தெரியாத கடைக்காரர்களை நான் பார்க்கிறேன். மருந்தால் பக்கவிளைவு வந்தால் சொல்ல 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அதை ஒட்டி வைத்திருக்கும் கடைகள் மிகக் குறைவு.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. ஒவ்வொரு கடையின் உரிமத்தோடும் முகவரியும் போன் எண்ணும் பதிவாகியிருக்கிறது. மருந்து நிறுத்தப்பட்ட அன்றே அந்த எண்ணுக்குத் தமிழில் பத்து வரி வரட்டும். பிராண்ட் பெயர், கம்பெனி, பேட்ச், ஸ்டாக்கை என்ன செய்வது, ஏற்கெனவே வாங்கிப் போனவரிடம் என்ன கேட்பது, சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது. தேதியும் அதிகாரியின் பெயரும் இருந்தால் அது வதந்தி இல்லை என்று நம்புவோம். கடலூரும் புதுச்சேரியும் அதை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளட்டும்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்க விரும்பவில்லை. சில கடைகளில் மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். பதிவு பெற்றவர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று 1948ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. அவர் கடையில் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல அறிவிப்பு வந்தும் அதைப் படித்துப் புரிந்துகொள்ள ஆள் இருக்காது. முதலாளிகள் இதைச் சரி செய்தே ஆக வேண்டும்.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட செய்தி வரும்போது "இருமல் மருந்துக்குத் தடை" என்பதோடு நிறுத்தாமல், மருந்தின் பெயரையும் பேட்ச் எண்ணையும் தனியாகக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போடுங்கள். அதைக் கத்தரித்து கவுன்டர் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.