கால் ஷீட்டில் ஒரு வரி: லண்டன் ஃபேஷன் படப்பிடிப்புக்காரர்களுக்குத் திறந்த மடல்

லண்டனில் பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் ஃபேஷன் படம் எடுக்கும் தயாரிப்பாளர்களுக்கும், எந்தப் படம் அச்சுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

இதே விஷயத்தை ஆங்கிலத்தில், பணிவாக, இரண்டு முறை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று தானாகப் போகிற பதில் ஒன்று வந்தது, அதோடு சரி. ஆகவே இந்தத் தடவை தமிழில் எழுதுகிறேன். கோபம் எனக்குத் தமிழில்தான் ஒழுங்காக வரும். படிக்க முடியாவிட்டால் மொழிபெயர்க்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். தனக்குத் தெரியாத வேலைக்குத் தெரிந்த ஆளை வைப்பது எப்படி என்று பழகிக்கொண்ட மாதிரியும் இருக்கும்.

நான் உங்கள் படப்பிடிப்புகளில் லைட்டிங் உதவியாளர். ஸ்டாண்ட் தூக்குவேன், கேபிள் சுருட்டுவேன், பெரும்பாலும் சுவரோரம் நிற்பேன், அதனால் எல்லாம் கண்ணில் படும். என் கோரிக்கை ஒன்றுதான். கறுப்பினப் பெண் ஒருவரை மாடலாக அழைக்கும் நாளில், அவருடைய முடியையும் தோலையும் கையாளத் தெரிந்த ஒருவரையும் சம்பளம் கொடுத்து அழையுங்கள். கால் ஷீட்டில் அவர் பெயர் இருக்கட்டும். (நம்மூர் சினிமாக்காரர்கள் நாள் கணக்கில் கொடுக்கிற கால்ஷீட் இல்லை, யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று முந்தின நாள் இரவு வருமே, அந்தத் தாள்.)

போன மாதம் நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும், நீங்கள் அந்த அறையிலேயே காபி குடித்துக்கொண்டிருந்தீர்கள். காலை ஆறரை மணி. மூன்று மாடல்கள், அதில் ஒருவர் கறுப்பினப் பெண், தெற்கு லண்டனின் பெக்கமில் வளர்ந்தவர். "இயற்கையான முடியோடு வரவும்" என்று ஏஜென்சி மூலம் சொல்லி அனுப்பியது நீங்கள்தான். அவரும் முந்தின இரவு தலைக்குக் குளித்து, க்ரீம் தடவி, இறுக்கிப் பின்னி, அது நீண்டு படிவதற்காக அப்படியே தூங்கி, விடிகாலையில் பிரித்துவிட்டு வந்திருந்தார். முடி அலங்காரத்துக்கு வந்தவர் மற்ற இருவருக்கும் செய்த மாதிரியே முதல் வேலையாக ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துத் தண்ணீர் அடித்தார். அந்த வகைச் சுருளில் தண்ணீர் பட்டால் சுருங்கும். தோளைத் தொட்டுக்கொண்டிருந்த முடி ஐந்து நிமிஷத்தில் காது மடலுக்கு ஏறிவிட்டது. அப்புறம் நெருக்கமான பல் வைத்த சீப்பை எடுத்து உச்சியிலிருந்து இழுத்தார், நுனியிலிருந்து அல்ல. சீப்பில் இரண்டு பல் உடைந்தது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணில் மட்டும் நீர் கட்டிக்கொண்டது. கடைசியில் அந்த அலங்காரக்காரர் பின்னால் நகர்ந்து நின்று, "ரொம்ப சுவாரஸ்யமான முடி" என்றார். பிறகு, "அடுத்த தடவை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வந்துவிடுங்களேன்" என்றார். அவருக்கு அன்றைக்கு முழு நாள் சம்பளம்.

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அங்கே ஒரு மஞ்சள் பல்பு, கறை படிந்த கண்ணாடி. என் ஃபோன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று நான் பிடித்ததிலேயே உருப்படியான விளக்கு அதுதான். பையிலிருந்து அகலப் பல் சீப்பு, ஷியா வெண்ணெய் டப்பா, ஜெல், நெற்றியோர முடியைப் படிய வைக்க ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ், இரண்டு ஃபவுண்டேஷன் பாட்டில்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வாஷ்பேசின் மேல் வைத்தார். "எல்லா ஷூட்டுக்கும் இதையெல்லாம் சுமக்கிறீர்களா?" என்று கேட்டேன். "வாடகை மாதிரி, கட்டித்தான் ஆகவேண்டும்" என்றார். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அதற்குள் உங்கள் உதவியாளர் இரண்டு முறை கதவைத் தட்டி, எல்லோரும் அவருக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே வந்தால் ஒப்பனை. பெட்டியில் இருந்ததிலேயே கறுத்த ஷேடு அவர் நிறத்துக்கு இரண்டு படி வெளுப்பு. அதில் கறுப்பு ஐஷேடோவைக் கலந்து பூசினார்கள். மானிட்டரில் முகம் சாம்பல், கழுத்து பழுப்பு. (ஈஸ்ட் ஹாம் கல்யாண மண்டபங்களில் எங்கள் மணப்பெண்களுக்கும் இதே கதிதான், திருநீற்றைக் குழைத்து அப்பின மாதிரி நிற்பார்கள். அது எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து, வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்.) அந்தப் பெண் எதுவும் பேசாமல் தன் பாட்டிலை எடுத்து நீட்டினார். பத்திரிகை வந்தபோது முடி, ஒப்பனை என்ற இடத்தில் யார் பெயர்கள் இருந்தன என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அந்த ஷேடு கிடைப்பதில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பாடகி ரிஹானாவின் ஒப்பனை பிராண்டான ஃபென்டி 2017 செப்டம்பரில் முதல் நாளே 40 ஷேடுகளோடு கடைக்கு வந்தது, மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே ஓடி வந்தன. கடையில் இருக்கிறது, உங்கள் பெட்டியில்தான் இல்லை. பயிற்சி இல்லை என்பதும் பழைய சாக்கு. பிரிட்டனில் முடி அலங்காரத் தொழிலுக்கான தேசியத் தரநிலைகளையே 2021-இல் திருத்தி ஆஃப்ரோ முடியையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். பெக்கம் ரை லேனில் கதவுக்குக் கதவு சலூன், இந்த முடியில் வாழ்நாளைக் கழித்த பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்டுடியோவிலிருந்து ஒரு ரயில் தூரம். ஒருவரைக் கூப்பிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

விளக்குப் பிடிக்கிறவள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கறுத்த தோல் என்றதும் வெளிச்சம் போதாது என்று பவரைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். அந்தத் தோலின் அழகு அது ஒளியைத் திருப்பித் தருகிற விதத்தில் இருக்கிறது. பெரிய சாஃப்ட்பாக்ஸை, அதாவது ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி விளக்கை, பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால் போதும். அன்று மத்தியானம் எங்கள் கேஃபர், அதாவது லைட்டிங் குழுவின் தலைவர், அப்படித்தான் வைத்தார். நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை ஒரு கோடு, கன்ன எலும்பில் ஒரு கோடு, தோள்பட்டையில் நீளமாக இன்னொன்று. அந்தப் பெண் தலையைக் கொஞ்சம் திருப்பினார், கோடுகள் கூடவே நகர்ந்தன. மானிட்டரைச் சுற்றி நின்ற யாரும் பேசவில்லை. அடுத்த நிமிஷம், பளபளக்கிறதாம், பவுடர் பஃப்போடு ஒருவர் ஓடிவந்து அத்தனையையும் அமுக்கிவிட்டார்.

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை, உங்களுக்கே தெரியும். கோடாக் ஃபிலிமுக்கு வண்ணம் சரிபார்க்க 'ஷெர்லி கார்டு' என்று ஒன்று வைத்திருந்தார்கள், அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்பினக் குழந்தைகள் பள்ளிக்கூட குரூப் ஃபோட்டோவில் பல்லும் கண்ணுமாக மட்டும் தெரிந்ததற்குக் கம்பெனி அசையவில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் வந்து எங்கள் சரக்கின் பழுப்பு படத்தில் சரியாக விழவில்லை என்று முறையிட்ட பிறகுதான் ஃபிலிமில் கை வைத்தார்கள். மேசைக்குக் கிடைத்த மரியாதை.

எடுத்த பிறகாவது சும்மா விடுகிறோமா? 2017-இல் ஒரே இலையுதிர் காலத்தில், இதே லண்டனில், பாடகி சொலாஞ் தலையில் கட்டியிருந்த பின்னல் மகுடத்தை ஒரு பத்திரிகை அட்டைப்படத்திலிருந்து அழித்தது, நடிகை லுபிடா நியோங்கோவின் முடியை இன்னொன்று தன் அட்டைப்படத்தில் அழித்து வழவழப்பாக்கியது. இருவரும் வெளிப்படையாகக் கேட்டதால் மன்னிப்பு வந்தது. கேட்க முடியாத, அடுத்த வேலைக்கு உங்களையே நம்பியிருக்கிற பெண்களின் படங்களில் என்னென்ன நடக்கிறது என்பது கணினியில் படத்தைத் திருத்தி ரீடச் செய்கிறவருக்கும் உங்களுக்கும்தான் வெளிச்சம். 2020 ஜூனில் கறுப்பினத்தவருக்கு ஆதரவு என்று நீங்கள் எல்லோரும் இன்ஸ்டாகிராமில் வெறும் கறுப்புச் சதுரம் போட்டீர்கள். அதற்கு லைட்டிங்கும் வேண்டாம், ஹேர் ஸ்டைலிஸ்டும் வேண்டாம், சௌகரியம்தான். வருஷா வருஷம் அக்டோபர் வந்தால் கறுப்பின வரலாற்று மாதம் என்று திடீரென்று உங்களுக்கு அவர்களுடைய அழகு ஞாபகம் வருகிறது, நவம்பர் முதல் தேதி மறந்துபோகிறது.

சரி, கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கால் ஷீட்டில் ஒரு வரி. ஆஃப்ரோ முடி தெரிந்த ஒருவர், அந்தத் தோலுக்கான ஷேடுகளோடு வருகிற ஒருவர்; இரண்டும் ஒருவரே என்றாலும் சரி. அவருக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே நாள் சம்பளம், அச்சில் அவருடைய சொந்தப் பெயர். அந்தப் படப்பிடிப்பில் வெளியூரிலிருந்து தருவித்த பூக்களுக்கு என்ன செலவானது என்று எனக்குத் தெரியும், பெட்டியைத் தூக்கியது நான்தான். ஆகவே பட்ஜெட் இல்லை என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

அடுத்த வாரம் இன்னொரு ஷூட் இருக்கிறது, அதே பெண் வருகிறார். அவருடைய பையில் இடம் போதவில்லை என்று ஒரு ஃபவுண்டேஷன் பாட்டிலை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார். டேப்பும் கிளிப்பும் போட்டிருக்கிற என் பெல்ட் பையில் அது இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இரவு தாள் வந்ததும் அந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு வர வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.

பணிவுடன்,
ஒரு லைட்டிங் உதவியாளர்
ஈஸ்ட் ஹாம், லண்டன்