தாம்பரம் வண்டியில் வந்த ஐயாவுக்கு

ஐயா, அன்றைக்கு இருந்த பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

எழும்பூரில் ஹாக்கிப் பயிற்சி முடிந்து ரயில் ஏறினோம். நுங்கம்பாக்கத்தில் என் மகன் வியர்த்துக் கொட்டி, கை நடுங்க என் மேல் சாய்ந்தான். அவனுக்கு டைப் 1 சர்க்கரை நோய்; ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. பையில் குளுக்கோஸ் தீர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. நீங்கள் சட்டென்று உங்கள் குளுக்கோஸ் டப்பாவைத் திறந்து, அதன் மூடியிலேயே தண்ணீர் கலக்கி அவன் வாயில் வைத்தீர்கள். கிண்டி வருவதற்குள் பிள்ளைக்கு முகம் தெளிந்துவிட்டது.

அப்புறம் அவனுக்கு ஒரு கதை சொன்னீர்களே, வீட்டில் இப்போது அதே பேச்சுதான். கனடாவில் ஃபிளின் ஃபிளான் என்ற சுரங்க ஊர். 1927இல் தொடங்கிய பாம்பர்ஸ் அணி. அந்தச் சின்ன ஊர்ப் பையன்கள் 1957இல் ஏழு ஆட்டம் ஆடி ஒட்டாவா அணியை வென்று, ஜூனியர் ஐஸ் ஹாக்கியின் மெமோரியல் கோப்பையைத் தூக்கியது. பிறகு அதே ஊரில் பிறந்து, அதே அணியில் ஆடிய பாபி கிளார்க். அவருக்கும் சிறு வயதிலேயே டைப் 1. அதற்குப் பயந்து, தொழில்முறை அணிகள் இளம் வீரர்களை எடுக்கும் 1969 தேர்வின் முதல் சுற்றில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. இரண்டாம் சுற்றில் எடுத்த பிலடெல்பியா அணிக்கு, அவர் தலைமையில் 1974, 1975 இரண்டு வருடமும் தொழில்முறை ஐஸ் ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பை!

"அவரும் ஊசி போட்டுக்குவாரா தாத்தா?"

"தினமும், தம்பி."

அந்த ஒரு பதிலுக்காக உங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும், ஐயா. ஊசி என்றாலே முகம் திருப்புகிறவன் இப்போது தானே சட்டையைத் தூக்குகிறான். மட்டையில் கிளார்க்கின் எண் 16.

பல்லாவரத்தில் இறங்கும்போது டப்பாவை அவனிடமே விட்டுப் போனீர்கள். புதிது வாங்கி வைத்திருக்கிறோம். சனிக்கிழமை மாலை அதே வண்டியில்தான் வருவோம்.