தறிகளை விற்றுவிட்டேன் அண்ணா

அண்ணா,

தறிகளை விற்றுவிட்டேன். வியாழக்கிழமை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. என்ன விலைக்குப் போயிற்று, யார் வாங்கினார்கள் என்பதெல்லாம் அன்று சாயங்காலமே உன் காதுக்கு வந்திருக்கும். யார் சொல்லியிருப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். நான் ஆரம்பித்தாலே "கம்பெனியில இருக்கேன் பாப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். எழுதினால் கடைசிவரை படிப்பாய், சின்ன வயதிலிருந்தே உன் குணம் அது. சொந்தக்காரர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். சில பெயர்களை அவர்களுக்காகவே எழுதாமல் விட்டிருக்கிறேன், உனக்குப் புரியும்.

உன்னைக் கேட்காமல் விற்றதற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தாலும் "உன் இஷ்டம்" என்றுதான் சொல்லியிருப்பாய். நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அதைத்தான் சொன்னாய். நூல் விலை ஏறுகிற வேகத்தில் கூலி ஏறவில்லை. இரண்டு தறி ஓடினால் மூன்றாவது ரிப்பேரில் நிற்கிறது. பாவு பிணைக்க ஆள் கிடைப்பதில்லை. நகரியில் எந்தத் தெருவில் கேட்டாலும் இதே கதைதான். இவ்வளவுக்கும் பிறகு விற்றதற்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. ஆனாலும் கேட்கிறேன். அவை நைனாவின் தறிகள்.

லாரி தெருமுனையில் திரும்பியபோது அதன் தலைக்கு மேல் மூக்குமலை தெரிந்தது. தினமும் பார்க்கிற மலைதான். அன்று மட்டும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அந்தக் காணும் பொங்கலை நீ மறந்திருக்க மாட்டாய். தறிகள் நின்றிருந்தன, தெருவே அமைதியாக இருந்தது. அம்மா புளிசோறு கட்டித் தந்தாள். நீ, நான், உன் சிநேகிதர். (அவர் வீட்டம்மா இதைப் படிப்பார், அதனால் அவரைப் பற்றி இவ்வளவுதான்.) மாந்தோப்பில் சைக்கிள்களைப் போட்டுவிட்டு ஓடையோடு ஏறினோம். என் தாவணி கலாக்காய்ப் புதரில் மாட்டிக்கொண்டே இருந்தது. நீ ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து முள்ளை எடுத்துவிட்டாய், ஒருமுறைகூட சலித்துக்கொள்ளவில்லை. அதற்கு மேலே ஆள் உயரப் போதைப்புல். கையால் விலக்கினால் எலுமிச்சை வாசனை அடித்தது. புல் முடிந்த இடத்தில் பாறை, பலகை பலகையாக அடுக்கி வைத்த மாதிரி. மணல் இறுகி உண்டான பாறை அது. நூறு கோடி வருஷத்துக்கும் பழையது என்று பிற்பாடு படித்தேன். பாறை ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு நம் ஊர்ப் பெயரையே வைத்து 'நகரி குவார்ட்சைட்' என்கிறார்கள். அவ்வளவு கெட்டிப் பாறையும் விளிம்பில் விரிசல் விட்டு, கால் வைத்தால் ஆடியது.

உச்சியில் காற்று பேச விடவில்லை. கப்பல்காரர்களுக்கே இந்த மூக்குதான் அடையாளம், மேலே போனால் கடல் தெரியும் என்று சொல்லிக் கூட்டிப்போனாய். கிழக்கே வெறும் மூட்டம். எனக்கு அது குறையாகவே இல்லை. ஏரிகள் வெயிலில் மின்னின. ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனை விட்டு ஒரு ரயில் தெற்கே ஊர்ந்தது. தூரத்தில் திருத்தணி மலை. நம் தெருவைத் தேடிக் கண்டுபிடித்து நான் கத்தினேன். நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அந்தப் பக்கம் போயிடப்போறேன் பாப்பா. திருப்பூர்ல வேலை இருக்காம். நைனாகிட்ட சொல்லாதே."

நகரியையும் தமிழ்நாட்டோடு சேர்க்கணும் என்று ஊர்வலம் போனவர் நம் தாத்தா. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி அந்தப் பக்கம் சேர்ந்தது, நகரியும் புத்தூரும் இந்தப் பக்கம், ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. சாகும்வரை திருத்தணி மலையைப் பார்த்துத்தான் திருநீறு பூசினார். அவருக்குக் கிடைக்காத பக்கத்துக்கு நீ ஒரு ரயில் டிக்கெட்டில் போகப்போகிறாய் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நிஜமாகவே பெருமைதான். தலையை ஆட்டிவிட்டேன்.

இறங்கும்போது பலகைக் கல் ஒன்று புரண்டது. மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. உன் துண்டால் கட்டினாய். ஓடை வரைக்கும் முதுகில் தூக்கி வந்தாய். உன் கழுத்து வியர்வை என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. "அழாதே பாப்பா, நான் இருக்கேன்" என்று எத்தனை தடவை சொன்னாய்! இன்றைக்கும் அது எனக்கு வேண்டும் அண்ணா. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புத்தூரில் வைத்தியர் விரலால் தடவிப் பார்த்து எலும்பை இழுத்து உட்கார வைத்தபோது எனக்குக் கண் இருண்டது. பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, துணி சுற்றி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். கட்டு ஈரமாக, பச்சையாக, நாறிக்கொண்டு இருந்தது. அந்த நேரத்தில்தான் நைனா உள்ளே வந்தார்.

"மலைக்கு யார் கூப்பிட்டது?"

நீ சுவரைப் பார்த்தாய். சுவரில் ஒரு பழைய காலண்டர் இருந்தது. நான், "நான்தான் நைனா, அண்ணன் வேணாம்னுதான் சொன்னான்" என்றேன்.

நீ வாயைத் திறந்திருந்தால் நைனா உன்னைத் தறியை விட்டு அசைய விட்டிருக்க மாட்டார். அது தெரிந்துதான் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த ஒரு பதிலோடு திருப்பதியில் காலேஜ் என்ற பேச்சு நம் வீட்டில் நின்றுபோனது. "சொன்ன பேச்சு கேக்காத பொண்ண வெளியூர் அனுப்பறதா?" என்றார். மாசி பிறப்பதற்குள் நீ ரயில் ஏறிவிட்டாய். கட்டுப் பிரித்த கையோடு உன் தறியில் நான் நின்றேன். அறுந்த இழையை முடிபோட்டு முடிபோட்டு அந்தக் கை பழகிக்கொண்டது. எலும்பு நன்றாகத்தான் கூடியது, வைத்தியரைக் குறை சொல்ல மாட்டேன். வாடைக்காலத்தில் மட்டும் வலிக்கும்.

நீ திருப்பூரில் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும். பனியன் கம்பெனியில் மூட்டை மேல் படுத்துத் தூங்கியதும், முதல் சம்பளத்தில் எனக்குச் சிவப்பு ஸ்வெட்டர் அனுப்பியதும் மறக்கவில்லை. அதனாலேயே இத்தனை வருஷம் கேட்காமல் இருந்தேன். ஒரு கடிதத்தில், ஒரு போனில், "கூப்பிட்டது நான்தான் நைனா" என்று உனக்குச் சொல்ல வரவில்லையா? அவர் படுக்கையில் கிடந்தபோதும் "அன்னிக்கு நீ பிடிவாதம் பிடிக்காம இருந்திருக்கலாம்மா" என்றார். நான் சரி நைனா என்றேன். நீ பக்கத்தில்தான் நின்றிருந்தாய்.

என் பையன் மூக்குமலைக்கு ஏறணும் என்று கேட்கிறான். நான் விடவில்லை. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லித் தமிழ்நாட்டு ஆட்கள் இருபது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதிலிருந்து தமிழ் பேசிக்கொண்டு காட்டுப் பக்கம் போகிற பையன்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. இதற்கு மேல் இங்கே வேண்டாம். நீ வந்தால், வனத்துறையில் கேட்டுவிட்டு அவனைக் கூட்டிப்போ. உன்னோடு என்றால் அனுப்புவேன். கோபம் எவ்வளவு இருந்தாலும் அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தறி விற்ற பணத்தில் பாதி உன் கணக்கில் போட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பாதே, வாங்க மாட்டேன். கொட்டகையை விற்கவில்லை, அங்கே தையல் மிஷின் போடப்போகிறேன்.

நைனாவிடம் சொல்ல இனி வழியில்லை. அம்மா இருக்கிறாள், காது நன்றாகவே கேட்கிறது. அன்று மலைக்குக் கூப்பிட்டது யார் என்று அவளிடம் உன் வாயால் சொல். போனில் வேண்டாம், நேரில் வந்து சொல்.

உன்
பாப்பா