என் மகளின் ஜெபத்தில் குறை தேடாதீர்கள்

எங்கள் சபையின் ஆயர் ஐயாவுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஸ்தோத்திரம்.

சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். ஆராதனையில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்தே இருக்கும் அம்மா நான்தான். முடக்குவாதம் வந்து 6 வருஷம் ஆகிறது.

போன மாதம் ஒரு ராத்திரி என் 9 வயது மகள் கட்டிலோரம் வந்து உட்கார்ந்து, "அம்மா, நான் இன்னும் எத்தனை நாள் உபவாசம் இருக்கணும்?" என்று கேட்டாள். மூன்று நாளாக மதியச் சாப்பாட்டை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கடுகளவு விசுவாசம் இருந்தால் மலையே நகரும், வீட்டில் வியாதி தீரவில்லை என்றால் ஜெபிக்கிறவர்களிடம் ஏதோ குறை என்று ஓய்வுநாள் பள்ளியில் சொன்னார்களாம். சொன்ன அக்கா நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். கேட்டது குழந்தை.

காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் எனக்கு விரல் மடங்காது. டிபன் பாக்ஸ் மூடியைத் திறப்பது அவள், தம்பியின் யூனிபார்ம் பட்டனைப் போடுவதும் அவள். சடை மட்டும் நான்தான் பின்னுவேன், வெந்நீரில் கையை வைத்திருந்துவிட்டு. கோணலாகத்தான் வரும், அப்படியே பள்ளிக்கூடம் போவாள். வலி தாங்காமல் கத்திவிட்டு, அப்புறம் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்ட நாட்களும் உண்டு. குடும்ப ஜெபம் சில ராத்திரி இரண்டே வரி. இந்த வியாதிக்கான மருந்து, மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரு நாள். அதைச் சனிக்கிழமை போட்டால் ஞாயிறு முழுக்கக் குமட்டும். பிள்ளைகளோடு கோயிலுக்கு வரணும் என்பதற்காகவே டாக்டரைக் கேட்டுப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.

நாடெங்குமிருந்து நோயாளிகள் ரயிலேறி வரும் வேலூரில் இதையெல்லாம் விளக்கவேண்டியிருப்பது வேடிக்கைதான். 1946இல் இங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் சேதமாவது பெரும்பாலும் வலி தெரியாததால்தான் என்று கண்டு சொன்னார். அதை வைத்து, வலி ஆண்டவர் நிறுத்திய காவல்காரன் என்று ஒரு பிரசங்கம் கேட்டேன். நல்ல பிரசங்கம். ஆனால் என் வியாதியில், நோயை எதிர்க்கவேண்டிய சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது. இந்த வலியைக் கொடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போஸ்தலன் பவுல் மூன்று தரம் வேண்டியும், அவர் உடம்பில் முள்ளாய்க் குத்திய வேதனை போகவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. அவருக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யாராவது பாடம் நடத்துவோமா? மோசேயின் கை தளர்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் காரணம் விசாரிக்கவில்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் கையைத் தாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு வேண்டிய கல் சின்னதுதான். கடைசி வரிசையில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போடுங்கள், பெஞ்சிலிருந்து எழ முடியவில்லை. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு எங்கள் தெருப்பக்கம் வருகிறவர்கள் என் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டால் போதும்.

இன்னொன்று. அந்தப் பாடத்தை நடத்திய அக்காவே வந்து என் மகளிடம் பேசவேண்டும். நான் சொன்னால், அம்மா சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைக்கிறாள். சாயங்காலம் 5 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்போம்.